வளவுக் கோழிகளைப் பகை விலங்குகளிடமிருந்து காத்தல்

நெற்செய்கையுடனும் தோட்டச் செய்கையுடனும் ஐந்தாறு கோழிகளை வளவில் வளர்த்துவருவது எமது கமக்காரரிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கமாகும். களத்திற் சிந்திய நெல்லையும், குப்பையிலுள்ள புழுபூச்சிகளையும், அடுக்களையிற் கழியும் சோற்றையும் தின்று அவை முட்டையும் இறைச்சியும் தருகின்றன. செலவு சிறிதாதலின் இழப்பையும் எவரும் கணக்கிடுவதில்லை. ஆயினும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. மூன்று நாட்டுப் பேடுகளையுடைய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 12 முட்டைகளில் அடைகிடந்து 10 குஞ்சு வீதம் பொரித்தால், வளவில் 30 குஞ்சுகள் ஓடித்திரியும். இரண்டு மாதங் கழித்து எண்ணும்போது அவற்றில் ஒன்பதோ பத்தோ எஞ்சியிருப்பின், அதிக முட்டையிடும் இனத்தைத் தேடி அலைவதாற் பயனில்லை. மற்றை 20 குஞ்சுகளும் எவ்வழியாற் போயின என்பதையே முதலில் அறிதல் வேண்டும்.

இனத்தைப் பற்றியும் இங்கு ஒரு சொல் கூறவேண்டியுள்ளது. நாட்டுக் கோழி ஆண்டொன்றுக்கு 50 முதல் 70 வரையான முட்டைகளையே இடும். றோட் ஐலண்ட் றெட், ஒஸ்திரலோப் போன்ற உயரினங்கள் நற்றீனி கொடுப்பின் 200 முட்டை வரையும், வெள்ளை லெக்கோண் அதனினும் மிகுதியாகவும் இடும். இவ்வெண்களை மாத்திரம் பார்த்து உயரினக் குஞ்சுகளை வாங்கித் திறந்த வளவில் விடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமடைகின்றனர். வெள்ளை லெக்கோண் பேடு அடைகிடப்பது அரிது. பாரமான இனங்கள் விரைந்து பறக்கமாட்டா. வெண்ணிறக் கோழியோ தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலப்படும். நாட்டுப் பேடு பருந்தின் நிழலைக் கண்டதும் குரல்கொடுத்துக் குஞ்சுகளைச் சிறகின்கீழ் அழைக்கும். நாய் துரத்தினால் வேலிமேற் பறக்கும். கழுத்தில் இறகற்ற நாட்டு வகை வெப்பத்தையும் நன்கு தாங்கும். ஆதலால், அடைப்பில்லாத வளவுக்கு நாட்டுக் கோழியே தக்கதென்பது எமது கருத்து. உயரினச் சேவலொன்றை நாட்டுப் பேடுகளுடன் விட்டுக் கலப்பினம் பெற விரும்புவோர், முதலிற் கூட்டைக் கட்டிப் பின்னர்ச் சேவலை வாங்குவாராக.

கோழி காணாமற்போனதும் கீரியின்மீது பழிபோடுவது எளிது. ஆயின் ஒவ்வொரு விலங்கும் தனக்கேயுரிய அடையாளத்தை விட்டுச் செல்கின்றது. பகல் வேளையிற் குஞ்சொன்று இறகும் இரத்தமுமின்றி மறையுமாயின், அது பிராந்து என வழங்கும் பருந்தின் அல்லது வல்லூற்றின் வேலையாகலாம். பொரித்துச் சில நாட்களேயான குஞ்சுகளைக் காகமுங் கொத்திச் செல்லும். இதனைப் பலர் அறிவதில்லை. கீரியும் பெரும்பாலும் பகலிலேயே வரும். வேலியோரப் பற்றையிலிருந்து பாய்ந்து கழுத்தைக் கௌவிப் பற்றைக்குள் இழுத்துச் செல்லும். உடும்பு முட்டைகளைத் தேடிவரும்.

இரவில் வருவோர் வேறு. மரநாய் மரக்கிளைவழியாகக் கூரைமீது இறங்கி, கிடுகை விலக்கி உள்ளே புகும். ஒரே இரவிற் பல கோழிகளைக் கொன்று, சிலவற்றின் தலையையும் நெஞ்சையும் மாத்திரந் தின்றுவிட்டுப் போவதுமுண்டு. நரி கோழியை முழுதாகத் தூக்கிச் செல்லும். அது சென்ற வழியெங்கும் இறகுகள் சிந்திக்கிடக்கும். வேலியின்கீழ் மண் தோண்டப்பட்டிருக்கும். பல கோழிகள் கடியுண்டு கிடந்தும் ஒன்றேனுந் தின்னப்படாதிருப்பின் ஊர் நாய்களையே ஐயுறவேண்டும். அடையிலிருந்த முட்டைகள் ஓடுமின்றி மறைந்தால் அது பாம்பின் செயல். ஓட்டுத் துண்டுகள் கிடந்தால் எலியோ பெருச்சாளியோ ஆகலாம். மலைப்பாம்பு கோழியை விழுங்கியபின் வந்த துளைவழியே வெளியேற இயலாது, விடியும்வரை கூட்டினுள்ளேயே சுருண்டு கிடப்பதுண்டு. ஆகையால் காலையிற் கூட்டினுட் கையை விடுமுன் கண்ணால் நோக்குதல் அவசியம்.

இவ்விலங்குகளைக் கொன்றொழிப்பதே வழியென எண்ணுதல் தவறு. கீரியும் பாம்பும் வயல்வரம்புகளில் எலிகளைத் தின்று நெல்லைக் காக்கின்றன. ஒரு குஞ்சுக்காக அவற்றை அழிப்பவர் எலிகளுக்கே உதவிசெய்தவராவார். மீன்பிடிப் பூனை போன்றவை 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாற் காக்கப்படுபவை. நஞ்சு கலந்த இரையை நரி தின்னுமுன் வீட்டு நாய் தின்னும், கோழிகளே கொத்துவதுமுண்டு. கட்டுத்துவக்கும் மின்சாரக் கம்பியும் சட்டத்திற்கு மாறானவை. விலங்குகளுக்கென வைத்த மின்கம்பியில் மனிதர் மாண்ட நிகழ்ச்சிகள் எமது நாட்டிற் பலமுறை ஏற்பட்டுள்ளன. மேலும், ஒரு மரநாயைக் கொன்றால் அவ்விடத்திற்கு வேறொன்று வரும். கூட்டிலுள்ள துளையை அடைத்தாலோ எதுவும் வராது.

கூடு பெரிதாயிருக்கவேண்டியதில்லை. இரவில் மாத்திரம் அடைப்பதற்கு, 4 அடி நீளமும் 3 அடி அகலமுங் கொண்ட கூடு 10 கோழிகளுக்குப் போதும். நிலத்திலிருந்து 3 அடி உயரத்திற் கால்களை நாட்டி, ஒவ்வொரு காலையுஞ் சுற்றி ஒன்றரை அடி அகலமான வழுவழுப்பான தகரத்தை அறைந்தால் எலியும் பாம்பும் ஏறுதல் கடினம். கூட்டுக்கு மேலாகவோ அருகிலோ மரக்கிளைகள் இருத்தலாகாது. பக்கங்களைப் பனஞ் சலாகையால் அடைத்து, உட்புறத்தில் அரை அங்குலக் கண்ணுடைய கம்பிவலையைப் பொருத்துக. பெருவிரல் நுழையும் இடைவெளி பாம்புக்கும் எலிக்கும் வாயிலாகும் என்பதை நினைவிற் கொள்ளவும். கிடுகுக் கூரையாயின் கிடுகின் கீழும் வலை வேண்டும். பலர் கவனியாது விடும் இடம் இதுவே. கதவைக் கயிற்றாற் கட்டுதல் போதாது. கொண்டியும் முளையும் இடுக. தரைப்பலகையின்மேல் உமியைப் பரப்பினால், எச்சத்துடன் கலந்த அவ்வுமி மக்கியபின் கத்தரிக்கும் மிளகாய்க்கும் சிறந்த பசளையாகும்.

இத்தகைய கூடு இருந்தும், பொழுதுபடுமுன் கதவை அடையாவிட்டால் யாதும் பயனில்லை. முருங்கையிலும் வேம்பிலும் தங்கிப் பழகிய கோழிகள் கூட்டை விரும்பமாட்டா. அவற்றை ஒரு கிழமைக்குக் கூட்டினுள்ளேயே தீனியும் நீருங் கொடுத்து அடைத்துவைத்து, பின்னர் நாடோறும் மாலையில் ஒரே நேரத்திற் கூட்டின் முன்னாற் கைப்பிடி குறுணலை இறைத்துவந்தால் தாமாகவே வந்து புகும். வீட்டுச் சிறுவரிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாம். அவர்கள் எண்ணிக்கையிலுந் தவறமாட்டார்கள்.

குஞ்சுகளுக்கு முதல் ஆறு கிழமைகளே ஆபத்தான காலம். 21ஆம் நாளிற் பொரித்ததும் தாயையுங் குஞ்சுகளையும் வளவில் விடாது, நிழலிற் கரப்பின்கீழ் வைத்து, குறுணல், குரக்கன் மா, கறையான் முதலியவற்றைக் கொடுக்கவும். சாணியும் வைக்கோலும் நிறைத்து ஈரமாக்கிய பழைய பானையைப் புற்றருகே கவிழ்த்து வைத்தாற் கறையான் கிடைக்கும். இரண்டு கிழமைக்குப்பின், நாற்புறமும் அடைத்து மேலே பழைய மீன்வலையை விரித்த சிறு முற்றத்தில் அவற்றை விடலாம். மீன்வலை பருந்தையுங் காகத்தையும் முற்றாகத் தடுக்கும். கரையோரக் கிராமங்களிற் கழித்த வலை எளிதிற் கிடைக்கும். நான்காங் கிழமையில் தாயைப் பிரித்துவிட்டால் அது முன்னதாகவே மீண்டும் முட்டையிடத் தொடங்கும். வடக்கு, கிழக்கு மாகாணங்களிற் கார்த்திகை, மார்கழி மழையிற் பொரிக்கும் குஞ்சுகள் குளிரால் மடிவது வழக்கம். தை மாதத்தில் அடைவைத்தாற் பெரும்போக அறுவடைக் குறுணலுடன் குஞ்சுகள் வளரும்.

காயமின்றி இறந்துகிடக்கும் கோழிகளின் பழியையும் விலங்குகளின்மேற் சுமத்தலாகாது. பச்சை நிறக் கழிச்சலும், மூச்சுத்திணறலும், கழுத்து முறுகலுங் காணப்படின் அது இராணிக்கெற் நோயாக இருக்கலாம். அந்நோய் எந்த நரியிலும் விரைவாக ஊர்க் கோழிகளை அழிக்கவல்லது. அதற்கு மருந்தில்லை; தடுப்பூசியே உண்டு. ஏற்றவேண்டிய வயதையும் இடைக்காலத்தையும் உங்கள் பகுதி அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்திற் கேட்டறியவும். ஒரு குப்பி மருந்து நூற்றுக்கு மேற்பட்ட கோழிகளுக்குப் போதுமானது. கரைத்தபின் சில மணி நேரத்துள் அதனைப் பயன்படுத்தவேண்டும். எனவே தனித்தனியே செல்லாது, ஒழுங்கையிலுள்ள வீட்டார் யாவரும் ஒரு நாளைக் குறித்து, கோழிகளை அதிகாலையிற் கூட்டிலிருந்து திறந்துவிடுமுன் ஏற்றுவித்துக்கொள்ளவும்.