உங்களுக்குத் தெரியுமா?

உலகின் முதல் பல் சுகாதாரப் பணியாளர் பள்ளி ஒரு வண்டிக் கொட்டகையில் தொடங்கியது!

● இடம் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரம். ஆண்டு 1913. பல் மருத்துவர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் தன் கொட்டகையையே வகுப்பறையாக்கினார். பாடம் நடத்த யேல், ஹார்வர்டு பேராசிரியர்கள் வந்தார்கள்.

● அதற்கு முன்பே, 1906இல், உறவுப் பெண்ணும் உதவியாளருமான ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யும் பயிற்சியை அவர் அளித்துவிட்டார். 1917இல் பல் சுகாதாரப் பணியாளருக்கான உலகின் முதல் உரிமம் ஐரீனுக்கே கிடைத்தது. பெருமைக்குரிய பெண்மணி!

● பயிற்சி முடித்த பெண்கள் போன இடம் பள்ளிக்கூடங்கள். பிள்ளைகளின் பற்களைச் சுத்தம் செய்தார்கள், பல் துலக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். வலி வரும்முன் காப்பதே ஃபோன்ஸின் நோக்கம். இன்றும் இந்தப் பணியின் உயிர் அதுதான்.

● இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் பல் சுகாதாரப் பணியாளர்களைத் தனிப் பிரிவாகவே வரையறுத்தது: பற்காறை அகற்றலாம், பற்களைச் சுத்தம் செய்து மெருகேற்றலாம், வாய்ச் சுகாதாரம் கற்பிக்கலாம். மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு அவசியம்.

அடுத்த முறை பல் சுத்தம் செய்யப் போகும்போது, செய்பவர் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள்.