பருத்தித்துறை இல்லங்களில் ஓர்க்கிட்டும் அந்தூரியமும்

கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பூத்த நிலையில் வாங்கி வரப்படும் ஓர்க்கிட்டும் அந்தூரியமும் பருத்தித்துறை வீடுகளிற் சில மாதங்களுள் இலைநுனி கருகி, மீண்டும் பூவாமல் நின்றுவிடுவதுண்டு. இதற்குக் கைராசி காரணமன்று. 1821 இல் தாபிக்கப்பட்ட பேராதனைப் பூந்தோட்டப் பகுதியில் மழை ஆண்டு முழுவதும் பரந்து பெய்கின்றது. இங்கோ மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுமே கிடைக்கின்றது. ஏனைய மாதங்களிற் செடிகள் கிணற்று நீரையே நம்பியுள்ளன. அந்நீரின் இயல்பை அறிந்து நடப்போர் இங்கும் நல்ல பூக்களைப் பெறலாம்.

நீரின் இயல்பு

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல்லாகும். மழைநீர் அக்கல்லினூடாக இறங்கி, கடல்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. ஆதலின் நமது கிணற்று நீர் வன்னீராகும். அளவுக்கு மிஞ்சி இறைப்பின் உவரும் ஏறும். கேத்தலின் அடியிற் படியும் வெண்படிவு நீரின் வன்மைக்குச் சான்று. சுண்ணாம்பு மிகுந்தால் வேர் இரும்புச் சத்தை ஏற்க இயலாது. இளம் இலைகள் நரம்புகளுக்கிடையே மஞ்சள் நிறமாகும். உப்பு மிகுந்தால் வேர்முனையும் இலைநுனியும் கருகும். நீரைக் கொதிக்கவைத்து ஆற்றித் தெளித்தெடுத்தால் சுண்ணாம்பின் ஒரு பகுதி நீங்கும், உப்பு நீங்காது.

மழைநீர் சேமித்தல்

10 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்யின் 1,000 லீற்றர் நீர் விழுகின்றது. நாளொன்றுக்கு 5 லீற்றர் வீதம் அது 20 சிறு சாடிகளுக்கு 200 நாட்கள் போதுமானது. கூரையிலுள்ள உப்புத் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வரும் முதல் மழைநீரை விட்டுவிடுக. புதிய சீமெந்துத் தொட்டி நீரிற் சுண்ணாம்பைக் கலக்குமாதலால் பிளாஸ்டிக் தாங்கியே ஏற்றது. தாங்கியை இறுக மூடி, அதன் வாயில் நுளம்பு வலை கட்டுக. சாடிகளின் கீழுள்ள தட்டுகளில் நீர் தேங்க விடலாகாது. டெங்கு நுளம்பு அதிற் பெருகும்.

இடமும் ஒளியும்

காலை வெயில் படும் கிழக்கு விறாந்தை சிறந்தது. சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் நமது உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்து நிற்பதால் வடக்கு விறாந்தையிலும் வெயில் விழும் என்பதை நினைவிற் கொள்க. தென்றோபியம், வந்தா ஆகிய ஓர்க்கிட்டுகளுக்கு ஒளி மிகுதியாக வேண்டும். இலை கரும்பச்சையாயிருப்பின் நிழல் மிகை. இளம்பச்சையாயிருப்பின் பூக்கும் நிலை. அந்தூரியத்திற்கு நேர்வெயில் ஆகாது. சோளகக் காற்று செடிகளை உலர்த்தும். வாடைக்காற்று கடலின் உப்பைக் கொணரும். இரண்டையும் கிடுகுத் தட்டி தடுக்கும்.

நடுகை

ஓர்க்கிட்டை மண்ணில் நடுதல் கூடாது. மரக்கரி, உடைந்த ஓட்டுத் துண்டு, பொச்சுமட்டைத் துண்டு ஆகியவற்றில் தென்றோபியத்தை நடுக. பொச்சுமட்டையை முதலில் மழைநீரில் ஊறவைத்து உப்பு நீக்குக. வந்தாவை வெறும் கூடையிலேயே தொங்கவிடலாம். நாள்தோறும் வேரை நனைத்தல் வேண்டும். இவ்வினத்துள் ஒன்று நம் நாட்டின் உலர் வலய மரங்களில் இயற்கையாகவே வளர்கின்றது. ஆயினும் காட்டிலிருந்து செடிகளைப் பிடுங்கி வருதல் தகாது. அந்தூரியத்திற்குப் பொச்சுத் துண்டுடன் நன்கு மக்கிய இலையுரம் சேர்க்கலாம். அதன் சாறு வாயில் எரிச்சலை உண்டாக்குமாதலால் குழந்தைகளுக்கு எட்டாதவாறு வைத்திடுக.

உரம்

நீரிற் கரையும் 20:20:20 உரத்தில் அரைத் தேக்கரண்டியை 4 லீற்றர் மழைநீரிற் கலந்து, இரு வாரத்துக்கு ஒருமுறை இடுதல் போதும். மாதம் ஒருமுறை வெறும் மழைநீரால் சாடியை நன்கு அலசி, தங்கிய உப்பை நீக்குக. உரக் கலவையைக் கிணற்றருகே ஊற்றலாகாது. சுண்ணக்கல்லின் வெடிப்புகள் அதனை விரைவிற் கிணற்றுக்குக் கொண்டுசெல்லும். குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது ஏற்கெனவே அறியப்பட்ட உண்மை. விறாந்தைப் பூவுக்காக இல்லத்தாரின் குடிநீர் கெடலாகாது.

முதலாண்டில் மூன்று சாடிகளோடு தொடங்குக. அடுத்த மாரிக்குமுன் தாங்கியை ஆயத்தப்படுத்திய பின்னரே தொகையைப் பெருக்குக.