உங்களுக்குத் தெரியுமா? மெல்ல வேகட்டும் பாப்பா சாப்பாடு

◆ பாப்பாவுக்குப் பரங்கிக்காய் குழைய வேகட்டும் என்று நாம் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகும் ஸ்லோ குக்கருக்குப் பின்னால் ஓர் அம்மா சொன்ன கதை இருக்கிறது. லிதுவேனியாவின் வில்னா நகரத்து யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து ஓய்வுநாள் தொடங்கிய பிறகு அடுப்பு மூட்ட மாட்டார்கள். அதனால் பயறும் இறைச்சியும் கிழங்கும் போட்ட ‘சோலன்ட்’ பானையை இருட்டுவதற்கு முன்பே பேக்கரி அடுப்பில் வைத்துவிட்டு வருவார்கள். ஆறிக்கொண்டே போகும் அந்த அடுப்பின் சூட்டிலேயே இரவெல்லாம் வெந்து, மறுநாள் சாப்பாட்டுக்குத் தயாராக இருக்கும். அம்மா சொன்ன இந்தக் கதையை மனதில் வைத்துத்தான் சிகாகோவில் இருந்த இர்விங் நாக்சன் மின்சாரப் பானை ஒன்றைச் செய்தார். 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1940இல் கிடைத்தது. 1971இல் ரைவல் நிறுவனம் ‘க்ராக்-பாட்’ என்று பெயர் வைத்து விற்ற பிறகே அது வீடுவீடாகப் போனது.

◆ அதற்கு முன்பே, 1910இல், வங்காளத்து டாக்டர் இந்துமாதவ் மல்லிக் ‘இக்மிக் குக்கர்’ செய்துவிட்டார். அடியில் கரி, மேலே அடுக்கடுக்காக டப்பாக்கள். கிளறவும் வேண்டாம், பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். சோறு, பருப்பு, காய் எல்லாம் நீராவியிலேயே வெந்துவிடும்.

◆ ஜப்பானில் குழந்தையின் முதல் கஞ்சிக்கு ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குழந்தைக் கஞ்சிக்கென்றே ஒரு லிட்டருக்கும் குறைவான சின்ன ஸ்லோ குக்கர் கடைகளில் கிடைக்கிறது.

◆ 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு இணை உணவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 6 முதல் 8 மாதம்வரை ஒரு நாளைக்கு 2, 3 வேளை போதும். பதம் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஓடிவிடாமல் ஒட்டி நிற்க வேண்டும். குழந்தையின் வயிறு சின்னது. நீர்த்த கஞ்சி கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது.

◆ கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தையால் விழுங்க முடியவில்லை, தண்ணீர் விட்டால் சத்து போய்விடுகிறது. இந்தச் சிக்கலுக்கு நம் பாட்டிமார் கையில் முளைகட்டிய கேழ்வரகு இருந்தது. முளைவிடும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. 1980களில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். நீங்களே செய்து பாருங்கள். கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியான கூழை இறக்கி, கொதி அடங்கியதும் முளைகட்டிய மாவு ஒரு சின்னக் கரண்டி போட்டுக் கிளறுங்கள். கை வலிக்கக் கிளறிய கூழ் சில நிமிடங்களில் இளகி வழியத் தொடங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்திருக்க மாட்டீர்கள். எல்லாம் அந்த அமைலேஸின் வேலை. மாவு பச்சை மாவு என்பதால், இளகியதும் மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். எனக்குத் தெரிந்து குழந்தைச் சாப்பாட்டில் இதைவிட அழகான வித்தை வேறில்லை.

◆ இந்தப் பத்தியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: ராஜ்மாவைப் பச்சையாக ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற ஒருவகை நஞ்சு கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வரவழைக்கும். நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். 80 டிகிரியில் அரைகுறையாக வெந்தால் நஞ்சு குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். ஸ்லோ குக்கரின் இளஞ்சூடு மணிக்கணக்கில் அந்த அளவிலேயே நிற்கக்கூடும். 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகு பானைக்கு மாற்றலாம். பாசிப்பருப்புக்கு இந்தக் கவலை இல்லை, கழுவி அப்படியே போடலாம்.

◆ மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வேகும் நேரம் 20, 30 நிமிடம் கூடும். ஆவி வெளியே போகாமல் மூடியின் உள்பக்கம் துளித்துளியாகக் கோத்து, விளிம்புக்கு ஓடி, மறுபடி பானைக்குள்ளேயே விழுகிறது. அதனால் பரங்கிக்காய்க்கு அரை டம்ளர் தண்ணீர் தாராளம். தோலோடு போட்டுப் பாருங்கள். நாலைந்து மணி நேரத்தில் நகம் பட்டாலே தோல் கழன்று வரும், சதையைக் கரண்டியின் முதுகால் அழுத்தினால் போதும், மிக்ஸியே வேண்டாம்.

◆ கேரட், பரங்கியின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் நன்றாக வெந்து, கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்தால்தான் உடம்பில் ஒழுங்காகச் சேரும். மேலே விடும் அந்த அரைக் கரண்டி நெய் ருசிக்கு மட்டும் இல்லை.

◆ 5 முதல் 60 டிகிரிவரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஃப்ரீசரில் உறைந்த கோழிக்கறியை நேரே ஸ்லோ குக்கரில் போட்டால், அந்த எல்லையைத் தாண்டவே வெகுநேரம் ஆகும். பழைய சாப்பாட்டை அதில் சூடுபண்ணுவதும் ஆகாது. சூடுபண்ண அடுப்புதான் சரி.

◆ வெந்த மசியலை அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவையுங்கள். ஃப்ரிஜ்ஜில் 1, 2 நாள்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து, வேளைக்கு ஒன்றிரண்டு கட்டியாக எடுக்கலாம். கீரை மசியலும் பீட்ரூட் மசியலும் வெளியே கிடந்தால் அவற்றின் நைட்ரேட், நைட்ரைட்டாக மாறும், அது கைக்குழந்தைக்கு ஆகாது. குழந்தை எச்சில் பட்ட கிண்ணத்தில் மீந்ததை எடுத்துவைக்கவே வேண்டாம். மனசு கேட்காதுதான், இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

◆ பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பெரியவர்கள் ஆசையோடு செய்வது, எனக்குப் புரிகிறது. ஆனால் தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் விதைத்துகள்கள் கொதித்தாலும் சாகாது. ஒரு வயதுக்குள் குழந்தையின் குடலில் அவை முளைத்துத் தசைகளைத் தளரவைத்துவிடக்கூடும். கஞ்சியில் கலந்து வேகவைத்தாலும் அதே ஆபத்துதான். முதல் பிறந்தநாள்வரை தேன் வேண்டாம்.

◆ எட்டு மாதத்துக்கு மேல் நைஸாக அரைக்க வேண்டியதில்லை. என் பேத்திக்கு ஒன்பதாவது மாதத்தில் வெந்த பரங்கித் துண்டைத் தட்டில் வைத்தேன். அஞ்சு விரலாலும் பிடித்து நசுக்கி, முழங்கைவரை பூசிக்கொண்டு, மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு வயது நெருங்கும்போது வீட்டுச் சாப்பாடே அவர்களுக்கும் ஆகும். உப்பும் காரமும் போடும் முன்பு ஒரு கரண்டி தனியே எடுத்துவைத்துவிடுங்கள்.