உயரம் பார்த்துச் செடி வாங்குங்கள்

மே மாத மலர்க் கண்காட்சிக்காகக் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவுக்குப் போய்வரும் கார்களில், டிக்கிக்குள் ஹைட்ரேஞ்சா தொட்டி ஒன்றாவது இருக்கும். வத்தலக்குண்டு வருவதற்குள் இலை தொங்கிவிடும். மதுரை மொட்டைமாடியில் நாலு நாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவோம். கையில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் உயரத்தில்தான்.

வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். இரண்டு மணி நேரப் பயணத்தில் 10, 11 டிகிரி மாறிவிடுகிறது. எந்த உயரத்தில் எது வளரும் என்று தெரிந்துகொண்டால் பாதித் தோட்டம் போட்ட மாதிரி.

புல்

கொடைக்கானல் வீட்டுப் புல்வெளிகளில் பரவலாக இருப்பது கிக்கூயூ புல். கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டிலிருந்து வந்தது. தரையோடு ஓடி, பூப்பாத்திக்குள்ளும் புகுந்துவிடும். பாத்தி ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் கல் பதிப்பது நல்லது. மார்கழி, தை மாதங்களில் ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலம் விட்டுவைக்க வேண்டும். உறைபனி படிந்த காலையில் அதன்மேல் நடந்தால், மறுநாள் காலடித்தடம் அப்படியே பழுப்பாகத் தெரியும். சமவெளியில் இருப்பவர்கள் அருகம்புல் வகையோ கொரியன் புல்லோ போட்டால் போதும்.

பூ

ஹைட்ரேஞ்சா நீலமாகப் பூப்பது புளிப்பு மண்ணின் கைங்கரியம். அந்த மண்ணில்தான் செடியால் அலுமினியத்தை எடுத்துக்கொள்ள முடியும். சமவெளியில் சுண்ணாம்பு கலந்த போர் தண்ணீர் ஊற்றினால் பூ ரோஸ் நிறத்துக்கு மாறும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகும். வளர்த்தே தீருவேன் என்பவர்கள் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, மழைநீரைச் சேர்த்து ஊற்றலாம். டாலியாவுக்குச் சமவெளியிலும் ஒரு பருவம் உண்டு: புரட்டாசி, ஐப்பசியில் நட்டால் மார்கழி, தையில் பூக்கும்.

மூலிகை

ரோஸ்மேரியும் தைமும் பெரும்பாலும் சாவது வெயிலால் அல்ல, அதிகத் தண்ணீரால். தொட்டிக் கலவையில் பாதி மணல் இருக்கட்டும். விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மலையில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொட்டியைத் தாழ்வாரத்துக்கு ஏற்றிவிட வேண்டும்.

பழம்

ப்ளம்ஸ், பேரி, ஆப்பிள் மூன்றும் குளிரில் உறங்கி எழுந்துதான் ஒழுங்காகப் பூக்கும். அந்தக் குளிருக்குத் திண்டுக்கல்லில் எங்கே போவது? அவற்றை மலையிலேயே விட்டுவிடுங்கள்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, தடியன்குடிசை போன்ற நடு உயரத்து ஊர்களில் வீடு உள்ளவர்களுக்குத்தான் யோகம். காபி, ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழம், மலைவாழை எல்லாமே வரும். தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.கே.டி. 1 என்ற வெண்ணெய்ப்பழ ரகம் அங்கே உருவானது. இந்த மரத்தின் பூ இரண்டு முறை விரியும், முதலில் பெண்ணாக, பிறகு ஆணாக. இரண்டும் ஒரே நேரத்தில் அமைய வேண்டுமென்றால் இரு வேறு வகை ஒட்டுக்கன்றுகளை வையுங்கள். வேரடியில் தண்ணீர் தேங்கவே கூடாது.

பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழையைச் சீரழித்தது முடிக்கொத்து நோய். அசுவினி பரப்பும் வைரஸ் அது. குருத்து இலைகள் குறுகிக் கொத்தாக நிற்கும் வாழையடியில் பக்கக்கன்று எடுக்காதீர்கள். திசு வளர்ப்புக் கன்றே பத்திரம்.

வேலி தாண்டும் செடிகள்

மலையில் தோட்டம் போடுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு உண்டு. தாவரவியலாளர் கே. எம். மேத்யூ பாதிரியார், கொடைக்கானலில் குடியேறிய வெளிநாட்டுச் செடிகளுக்கென்றே 1969இல் ஒரு நூல் எழுதினார். அழகுக்காக வைத்த ஆரஞ்சு செஸ்ட்ரத்தின் பழத்தைப் பறவைகள் தின்று, விதையைச் சோலைக்குள் போட்டுவிடுகின்றன. உன்னிச்செடி கதையும் அதேதான். விதை பரப்பும் செடியைக் காய்க்கும் முன்பே வெட்டிவிடுங்கள். வெட்டியதைச் சரிவில் கொட்டாதீர்கள்.

நர்சரியில் விலை கேட்பதற்கு முன், ‘இது எந்த உயரத்தில் வளர்ந்த செடி?’ என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு இறங்குங்கள். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. காற்றோட்டமாகக் கட்டித் தொங்கவிட்டால் போதும்.