குன்னத்து உருண்டைகள்: முட்டையல்ல, கடல்!

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிவந்தன. ‘டைனோசர் முட்டை’ என்று சமூக வலைதளங்களில் படமும் வீடியோவும் பரவின. நிலவியல் அறிந்தவர்கள் நேரில் பார்த்துவிட்டு, முட்டையல்ல, அம்மோனைட் சார்ந்த கடல் படிவங்கள் என்று சொன்னார்கள். வதந்தி ஓடிய வேகத்தில் அந்த விளக்கம் ஓடவில்லை. முட்டைக் கதையைவிட உண்மைக் கதை பல மடங்கு சுவையானது என்பதால் எனக்கு அதில் பெரிய வருத்தம்.

பெரம்பலூர், அரியலூர் நிலம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட், கணவாய்க்குத் தூரத்து உறவு. சுருண்ட ஓட்டுக்குள் வரிசையாக அறைகள். கடைசி அறையில் உயிர், மற்றவற்றில் காற்றும் நீரும். அவற்றின் அளவைக் கூட்டிக் குறைத்து நீரில் மிதந்தது. இறந்து சேற்றில் புதைந்ததும், அழுகும் உடலைச் சுற்றி நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு படியத் தொடங்கும். நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் சமமாகப் படிந்தால் கிடைப்பது உருண்டை. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வந்து நம் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமத்துக்குள் தெரியும் சக்கரமும் அம்மோனைட்தான்.

இதை மூன்று நிமிட வீடியோவாக எடுத்தால் யார் பார்க்காமல் விடுவார்கள்? உருண்டையின் மேல் வினிகர் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். கோழிமுட்டை ஓட்டில் விட்டாலும் நுரைக்கும், இரண்டும் சுண்ணாம்பு என்பதால். ஆக, அந்தச் சோதனை மட்டும் போதாது. முட்டை ஓட்டுக்கே உரிய நுண்துளைகள் இருக்கின்றனவா என்று உருப்பெருக்கியில் தேட வேண்டும். ஒரு சோதனை எங்கே கைவிடுகிறது, அடுத்தது ஏன் வேண்டும் என்று காட்டுவதுதான் நல்ல அறிவியல் வீடியோவின் உயிர். குன்னத்தில் கிடைத்தவை முட்டைகள் அல்ல என்றாலும், இந்த வட்டாரத்தில் முட்டை என்ற பேச்சு முற்றிலும் ஆதாரமற்றதும் அல்ல. அரியலூர் மாவட்டம் செந்துறை அருகே டைனோசர் முட்டைகளின் புதைபடிவங்களைக் கண்டதாக 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

அடுத்த வீடியோவுக்குப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் இருக்கிறது. 1940-ல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்ட கல்மரம், 18 மீட்டர் நீளம். கடல் படிவுக்குள் மரம் எப்படி வந்தது? கரையில் விழுந்து, வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்க் கடலில் புதைந்தது. ஊடுருவிய நீரிலிருந்த சிலிக்கா, மரத்தின் திசுக்களில் நிறைந்து அதைக் கல்லாக்கிவிட்டது. அதே மாவட்டத்தின் காரை கிராமத்துச் செம்மண் பள்ளங்களில் வெயில் பட்டால் ஜிப்சம் சில்லுகள் மின்னும். காலடியில், கணவாயின் இன்னொரு பழைய உறவான பெலம்னைட்டின் துண்டுகள் துப்பாக்கித் தோட்டா வடிவில் கிடக்கும். 1846-லேயே இந்தப் பகுதிப் புதைபடிவங்களைப் பற்றி எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் எழுதிவிட்டார். பிறகு ஸ்டோலிச்கா பெரிய தொகுதிகளாகவே விவரித்தார். உலக நிலவியலார் அறிந்த ஊரை நம் பிள்ளைகள் சிமென்ட் ஆலைகளால் மட்டும் அறிவது நியாயமா? அந்தச் சிமென்டுக்கான சுண்ணாம்புக் கல்லே பழைய கடல் உயிர்களின் ஓடுகள்தாம்.

தமிழில் அறிவியலைச் சுவையாகச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. பிரேமானந்த் சேதுராஜனின் எல்.எம்.இ.எஸ்., மிஸ்டர் ஜிகே போன்ற சேனல்கள் பெரும் கூட்டத்தைச் சேர்த்திருக்கின்றன. அவர்களுக்கும் முன்பே ‘துளிர்’ அறிவியல் இதழ் பள்ளிகளுக்குள் அறிவியலைக் கொண்டுபோனது. கருந்துளை பற்றி இன்று நல்ல தமிழில் வீடியோ கிடைக்கிறது. காரையைப் பற்றியும் அதே தரத்தில் வேண்டும்.

ஆலத்தூர், குன்னம், செந்துறை வட்டாரப் பள்ளி ஆசிரியர்களே, மாணவர்கள் கையில் போன் இருக்கிறது. பாடம் காலடியில் இருக்கிறது. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் அழைத்துப் போங்கள். படம் எடுக்கட்டும், கேள்வி கேட்கட்டும். ஆனால் ஒரு கல்லைக்கூட வீட்டுக்கு எடுத்துவர விடாதீர்கள். கிடந்த இடத்தை விட்டு நகர்ந்த புதைபடிவம் தன் கதையில் பாதியை இழந்துவிடும்.