மார்கழிப் பனியில் பொரியும் மின்கம்பி

ஓசூரைச் சுற்றியுள்ள ரோஜாத் தோட்டங்களில் பூப்பறிப்பு விடியலிலேயே தொடங்கிவிடும். பனி இறங்கிய நாளில் உயரழுத்தக் கம்பிக்குக் கீழே நடந்துபோனால், தலைக்கு மேலே யாரோ அப்பளம் பொரிப்பதுபோல் சத்தம் கேட்கும். வெயில் ஏறிப் பனி விலகியதும் அடங்கிவிடும். ‘பனியில கரண்டு கசியுது’ என்பது ஊர் விளக்கம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் சுவையானது.

அந்தக் கம்பிக்கு உறை எதுவும் கிடையாது. எஃகு இழைகளின்மேல் அலுமினிய இழைகளை முறுக்கிய வெற்றுக் கம்பி அது. சுற்றியிருக்கும் காற்றுதான் அதற்கு உறை. கடல்மட்டத்தில் காற்று ஒரு செ.மீ.க்குச் சுமார் 30,000 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும். அதைத் தாண்டினால் காற்றே மின்னேற்றம் பெற்று நுண்பொறிகளாக வெடிக்கும். பொறியாளர்கள் இதைக் கரோனா என்கிறார்கள் (கிருமிக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு). ஒவ்வொரு வெடிப்பும் ஒரு குட்டிச் சத்தம். ஆயிரக்கணக்கில் சேரும்போது அது பொரியும் ஓசையாகிறது. கும்மிருட்டில் உற்றுப் பார்த்தால் சில சமயம் மெல்லிய ஊதா ஒளியும் தெரியும்.

400 கிலோவோல்ட் கம்பி உலர்ந்த நாளில் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். ஒரு கம்பிக்குப் பதிலாக இரண்டை அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் சேர்த்துக் கட்டியிருப்பதே அதற்காகத்தான். மின்புலம் பரந்துவிடும், காற்று உடையாது. ஆனால் கம்பியின் அடிப்பக்கம் ஒரு பனித்துளி வந்து தொங்கினால் போதும். துளி நீண்டு முனை கூராகி, புலம் முழுவதும் அந்த முனையில் குவிகிறது. பொரிச்சல் தொடங்குகிறது. கூடவே கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் வேறு. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை சுழல்வதால், மின்னேற்றம் பெற்ற காற்று நொடிக்கு 100 முறை உந்தப்படுகிறது. அதன் ஓசைதான் அது.

ஓசூருக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலியும். மெலிந்த காற்று சீக்கிரம் உடையும். 300 மீட்டருக்கு ஒரு டெசிபல் கூடும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. சென்னையில் ஓடும் அதே கம்பி இங்கே 3 டெசிபல் கூடுதலாகப் பேசும்.

அடுத்தது புழுதி. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல் குவாரித் தூசும், ஆலைப் புகையும், பெங்களூரு நெடுஞ்சாலையின் மண்ணும் கம்பியைத் தாங்கும் பீங்கான் தட்டுகளில் படிகின்றன. பனி அதை நனைத்ததும் அழுக்கின் வழியே மின்சாரம் உண்மையாகவே கசிகிறது. ஊர்ப்பேச்சு சரியாக இருப்பது இந்த இடத்தில்தான்.

கர்நாடக எல்லைக்கு அப்பால் இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கை. ஒடிசாவின் தால்சேரிலிருந்து 500 கிலோவோல்ட் நேர்மின்சாரம் 2003 முதல் கோலாருக்கு வருகிறது. அங்கே மாறுமின்சாரமாகி, ஒரு பகுதி 400 கிலோவோல்ட் வழியில் ஓசூருக்கு இறங்குகிறது. நேர்மின் கம்பி ரீங்கரிக்காது. அது மழையில் அடங்கி, நல்ல வெயிலில்தான் அதிகம் பொரியும்! கோலார் இந்த விஷயத்தில் பழைய ஊர். தங்கச் சுரங்கத்துக்காகச் சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் சுமார் 147 கி.மீ. கம்பி இழுத்தார்கள். அதன் அழுத்தம் இன்றைய 400 கிலோவோல்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

காற்றடிக்கும்போது கேட்கும் ஊதல் வேறு ரகம்; மின்சாரமே இல்லாவிட்டாலும் அது கேட்கும். கோபுரத்தருகே கம்பியில் தொங்கும் குட்டி டம்பெல் போன்ற எடைகளைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் கம்பி ஓயாமல் அதிர்ந்து இழை அறாதிருக்க, அமெரிக்கப் பொறியாளர் ஸ்டாக்பிரிட்ஜ் 1920களில் கண்ட உபாயம் அது.

சரி, பயப்பட வேண்டுமா? பனியிலும் தூறலிலும் பெரிய கோபுரம் பொரிவது அதன் இயல்பு. ஆனால் குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது சட்டம் சொல்லும் அளவு. 400 கிலோவோல்ட் இரட்டைத் தடத்துக்கு 46 மீட்டர் அகல வழி விட வேண்டும். அந்த விளிம்பை ஒட்டி மனை வாங்குகிறவர்கள், தரகர் அழைத்துப் போகும் உச்சிவெயிலில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு பனிக்காலையில் போய் நின்று கேளுங்கள்.

உண்மையில் அஞ்ச வேண்டியது தெருமுனைக் கம்பத்தின் சத்தத்துக்கு. 11 கிலோவோல்ட் கம்பி தானாகப் பொரியும் அளவுக்கு அழுத்தம் கொண்டதல்ல. அங்கே ‘சுர்’ரென்று கேட்டால் பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம், கிளை உரசலாம். கிட்டே போகாமல் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்கு உடனே சொல்லுங்கள்.