யாரை யார் சேர்த்துக்கொள்வது?: அன்னவாசலை முன்வைத்து

'அனைவரையும் உள்ளடக்கிய சமூகம்' என்கிற சொற்றொடர் இன்று அரசாணை, தொண்டு நிறுவன அறிக்கை, கட்சித் தீர்மானம் மூன்றிலும் ஒரே மாதிரிப் புழங்குகிறது. உள்ளூர் அமைப்புகள் கைகோர்த்தால் அது வந்துவிடும் என்கிற நம்பிக்கையும் கூடவே வருகிறது. உள்ளடக்குவது யார், உள்ளே வரச் சொல்லப்படுகிறவர் யார், ஏற்கனவே உள்ளே இருப்பவர் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டுமா என்பதையெல்லாம் இந்தச் சொல் கேட்பதில்லை. கேட்டுப் பார்க்க அன்னவாசல் வட்டாரம் தோதான இடம்.

1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதையொட்டி 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அறிவியல் இயக்கத் தோழர்கள், ஆசிரியர்கள், இளைஞர் மன்றங்கள், சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கான தொண்டர்கள் என்று அரசும் அரசை விமர்சிப்பவர்களும் ஒரே குழுவில் உட்கார்ந்தார்கள். இது லேசுப்பட்ட காரியமில்லை. சித்தன்னவாசல் குன்றில் ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே தமிழ் எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது, அடிவாரத்துப் பெண்ணுக்குக் கையெழுத்துப் போடத் தெரியவில்லை என்பது மேடைக்கு வசதியான உவமை. ஆனால் அந்தப் பெண்ணை மாலையில் பாடப்புத்தகத்தின் முன் உட்கார வைக்க உவமை போதாது. வீட்டு வேலையும் கூலி வேலையும் முடிந்து அவள் வரும் நேரத்துக்கு விளக்கோடு யாரோ காத்திருக்க வேண்டும். அதைச் செய்தார்கள்.

எழுத்தைவிட அதிகம் பேசப்பட்டது சைக்கிள். பாடத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500 பேருக்கு மேல் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஆம்பிளை சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் இருக்கிற பாரில் இன்னொரு பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அவர்களே ஒரு நியாயமும் கண்டுபிடித்ததை பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். சேரி ஆள் ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகணும் என்ற வழக்கம் பல இடங்களில் இருந்த தமிழ்நாட்டில், ஒரு பெண் ஏறி உட்கார்ந்து பெல் அடித்துக்கொண்டு போவது வெறும் போக்குவரத்து அல்ல.

அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்த குடுமியான்மலைப் பக்கம் இது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அரசுக் கல்குவாரிகளை அங்கே கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். நேற்றுவரை கூலி வாங்கியவர் இன்று கணக்கு எழுதினார். எழுத்து இங்கேதான் சொத்துறவைத் தொட்டது. தொட்டதும் உரசலும் வந்தது. பழைய குத்தகைதாரர்கள் கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கவில்லை. கையெழுத்துப் போடப் பழகிய பெண்ணை மேடையேற்றிப் பாராட்டியவர்களில் எத்தனை பேர் குத்தகைப் பத்திரத்தில் அதே கையெழுத்தைச் சகித்திருப்பார்கள்?

கூட்டமைப்பின் மௌனம் ஒன்றையும் இங்கே பேசியாக வேண்டும். கற்போர் இருக்கும் இடத்துக்கே மையம் போக வேண்டும் என்பது சரியான நடைமுறை. வேறு வழியுமில்லை. ஆனால் நம் ஊர்களில் 'இருக்கும் இடம்' என்பதே சாதி பிரித்துக் கொடுத்த இடம். ஊரில் ஒரு மையம், சேரியில் ஒரு மையம் என்று ஆகும்போது விளக்கு இரண்டிலும் எரிகிறது, யாரும் தெருவைத் தாண்ட வேண்டியதில்லை. எல்லோரும் ஒண்ணா வரணும் என்றால் எல்லோரையும் பிரிக்கிற விஷயத்தை எடுக்காமலிருப்பது நல்லது. இது எந்தத் தனிமனிதரின் கோழைத்தனமும் அல்ல, பரந்த கூட்டணி என்கிற வடிவத்தின் தர்க்கமே அதுதான்.

2022 டிசம்பர் 26. அதே அன்னவாசல் ஒன்றியம், முத்துக்காடு ஊராட்சி, வேங்கைவயல். தலித் குடியிருப்புக்கான மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகே தெரிந்தது. மறுநாள் ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேவும் போனபோது பக்கத்து இறையூரின் டீக்கடை இரட்டைக் குவளையும் அய்யனார் கோயிலின் மறுப்பும் வெளியே வந்தன. மக்களை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள். வழக்குகள் பதிவாயின.

அறிவொளி தோற்றது என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன், அது சோம்பேறித்தனமான விமர்சனம். அந்த இயக்கத்தில் எழுத்துக் கற்ற பெண்ணின் பேத்தி இன்று கல்லூரிக்குப் போயிருக்கலாம். ஆனால் கல்வி, சைக்கிள் ஆகியவற்றில் சேர்ந்துகொண்ட அமைப்புகள் தண்ணீர், குவளை, கருவறை என்று வரும்போது ஏன் தனித்தனியாகின்றன என்பதைக் கேட்கத்தான் வேண்டும். முன்னவை பங்கிட்டால் குறையாதவை. பின்னவற்றில் ஒருவருக்கு உரிமை வந்தால் இன்னொருவரின் 'மேல்' போய்விடும்.

வேறுவிதமான கூட்டும் உண்டு. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தீண்டாமை ஒழிப்பு முன்னணி சமாதானத்தை முன்வைத்துத் தொடங்கவில்லை, சுவரைச் சுட்டிக்காட்டித் தொடங்கியது. 2008 மே மாதம் அந்தச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. 2011இல் தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போனார்கள். இடையில் பதற்றமும் வன்முறையும் இருந்தன. எல்லோருக்கும் பிடித்த கூட்டணியாக அது ஒருநாளும் இருக்கவில்லை.

வேங்கைவயல் வழக்கு 2023 ஜனவரியில் சிபிசிஐடிக்கு மாறியது. ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையத்தை உயர்நீதிமன்றம் அமைத்தது. ரத்த மாதிரிகள் எடுக்கப்பட்டன. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது அதிலிருந்த 3 பேரும் வேங்கைவயல் தலித்துகளே. ஊர் மக்கள் மறுத்தார்கள். விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் சிபிஐ விசாரணை கேட்டன. தொட்டியில் கலந்தது யார் என்பதைக் கண்டுபிடிக்க மரபணுச் சோதனை தேவைப்பட்டது. குவளை இரண்டாக இருப்பதைக் கண்டுபிடிக்க எந்தச் சோதனையும் தேவையில்லை. அப்படிப்பட்ட கடைகளில் டீ குடித்துவிட்டுத்தான் நம்மாளுங்க பல பேர் கூட்டத்துக்குப் போனோம்.